மறு: ஃபைனல் பாஸுக்குத் தமிழ் – ‘சூரன்’ என்றே வைப்போமா?

குழுவிலுள்ள எல்லோருக்கும் வணக்கம். மோர்ட்டல் கொம்பாட், டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற வீடியோ சண்டை ஆட்டங்களுக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், கடைசிச் சுற்றில் வரும் எதிராளியான ‘ஃபைனல் பாஸு’க்குத் தமிழ் தேடும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘இறுதி முதலாளி’ என்று போட்டுவிடலாமே. பாஸ் என்றால் முதலாளிதானே.

ஐயா, குறை நினைக்க வேண்டாம், முதலாளி மட்டும் வேண்டாம். திருகோணமலையில் முதலாளி என்றால் கடைக்காரர். சம்பளத்தை இழுத்தடிக்கிறவரை அடித்து விழுத்தும் ஆட்டம் என்றுதான் எங்கள் பெடியன்கள் நினைப்பார்கள். (அப்படி ஒன்று வந்தால் நன்றாக ஓடும், அது வேறு கதை.) ‘இறுதி அரக்கன்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அரக்கன் என்றால் மோர்ட்டல் கொம்பாட்டின் நாலு கைக் கோரோ பொருத்தம்தான். ஆனால் கோரோ கடைசி ஆள் இல்லை. அவனைத் தாண்டினால் சாங் சுங் நிற்கிறான்.

நான் சொல்வது ‘சூரன்’. வில்லூன்றிக் கந்தசாமி கோயிலில் சூரன்போர் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. சூரனின் உருவத்தைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வருவார்கள், ஒரு தலை விழுந்தால் அடுத்த தலையோடு திரும்பி வருவான். டெக்கன் 3இல் (1997) ஓகரை வீழ்த்தி அப்பாடா என்று மூச்சுவிடும்போது அவன் உருமாறி மறுபடி வருகிறானே, அதற்கும் சேர்த்து ‘தலைமாற்றம்’ என்ற சொல் நமக்குச் சும்மா கிடைக்கிறது. கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வரும். கோரோ இடைச்சூரன். 1994இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் திடீரென்று தோன்றி, கடைசியாக வரவேண்டியவனைக் கொன்றுவிட்டு நம்மோடு மோத நிற்கும் அகுமா மறைசூரன்.

> எல்லா மதத்தவரும் ஆடும் விளையாட்டுக்குப் புராணப் பெயர் சரிவருமா தம்பி?

சரிவரும் அண்ணா. ‘கணக்கில் சூரன்’, ‘கதை அளப்பதில் சூரன்’ என்று முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் கிண்ணியாவிலும் சொல்கிறார்கள், நிலாவெளியிலும் சொல்கிறார்கள். அந்தச் சூரனுக்கு வேலும் இல்லை, மாமரமும் இல்லை.

அடுத்தது, எனக்கு முக்கியமானது. போன வாரம் வந்த வரைவில் ‘நியாயமற்ற வல்லமை கொண்ட இறுதி எதிரி’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறோம். அதைப் பிரிக்க வேண்டும். கடைசியில் வருபவனுக்கு ஒரு சொல், அவன் செய்யும் அநியாயத்துக்கு இன்னொரு சொல். இரண்டாவதற்கு எங்கள் பக்கத்துச் சொல் தயாராகவே இருக்கிறது: அளாப்பு, அதாவது விளையாட்டில் ஏமாற்றுவது. சிலர் அலாப்பு என்றும் எழுதுவார்கள். நான் ளகரத்தோடு நிற்கிறேன்.

இங்கே ஒரு கேம் கடையில் டெக்கன் 5 இன்னும் ஓடுகிறது. கொன்ட்ரோலரின் வயரில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருக்கும், இடது குமிழின் றப்பர் தேய்ந்து வழுக்கும். கடைசியில் ஜின்பாச்சி வருவான், வயிற்றில் வாய் வைத்தவன். அவன் ஒரு சைகை காட்டினால் எதிரே நிற்பவர் உறைந்துபோவார். அந்த நேரம் பார்த்து வயிற்றிலிருந்து நெருப்பைக் கக்குவான். ஆடிக்கொண்டிருந்த பொடியன் கொன்ட்ரோலரைத் தூக்கிக் கடைக்கார அண்ணையிடம் காட்டினான், பெருவிரல் பொத்தானிலேயே இருந்தது. “பாருங்கோ அண்ணை, நான் அமத்திக்கொண்டுதான் இருக்கிறன். இவன் அளாப்புறான்.” தோற்றதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பலசாலியிடம் அடிவாங்குவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இன் கில், அவனுடைய சிறப்பு அளவி (சண்டையினூடே நிரம்பிவரும் பட்டை) நிரம்பியிருந்தால், விழுந்த பிறகும் உயிர் நிரம்பி எழும்புவான். முதல்முறை பார்ப்பவருக்கு வயிறு எரியும். ஆனால் அந்த அளவி திரையில் எல்லோரும் பார்க்கத்தான் இருக்கிறது. நிரம்பமுன் முடித்துவிடு என்று ஆட்டமே சொல்கிறது. அது அளாப்பு இல்லை, கடினம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் (1991) வரும் கைல் என்ற வீரனை எடுங்கள். நாம் அவனுடைய சோனிக் பூம் என்ற வீச்சை எறிவதென்றால் பின்பக்கம் அமர்த்திப் பிடித்துக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கணினி ஆட்டும் கைலோ முன்னுக்கு நடந்து வந்தபடியே எறிவான். இது சுத்த அளாப்பு. இத்தனைக்கும் கைல் சூரனே இல்லை, நடுவில் வருகிற ஆள். இரண்டு சொல்லும் தனித்தனியே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அளாப்பில் ஒரு வகைக்கு மட்டும் தனிப்பெயர் தேவை. நம் விரல் பொத்தானில் பட்டதை ஆட்டம் உள்ளேயே பார்த்து, உருவம் திரையில் அசையமுன்பே மறுவேலை செய்வது. மோர்ட்டல் கொம்பாட் 2 (1993) மேல் ஆட்டக்காரர் நெடுங்காலமாகச் சொல்லும் குறை இது. இந்த வகை ஆட்டங்களில் திரையிலுள்ள படம் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை மாறும், அந்த ஒவ்வொரு படமும் ஒரு சட்டம். கண்ணால் கண்டு கை அசைய மனிதருக்குக் கால் நொடி அளவு ஆகும், ஏறத்தாழ 15 சட்டம். எதிராளிக்கோ ஒரு சட்டம் போதும். ‘விசையொற்று’ எப்படி? ஒற்று பார்ப்பது குறளிலேயே உள்ள வேலை. ‘உள்ளீட்டு வாசிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது ஏதோ மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் போல இருக்கிறது.

> அளாப்பு தமிழ்நாட்டில் யாருக்கும் புரியாது. நாங்கள் ‘போங்கு’, ‘அழுகுணி ஆட்டம்’ என்போம்.

போங்கு நல்ல சொல், பேச்சில் நானே திருடிக்கொள்வேன். ஆனால் அதிலிருந்து வினை எப்படி எடுப்பது? அளாப்பினான், அளாப்பி, அளாப்பாத சூரன் – எல்லாம் இங்கே வாய்க்கு வருகிறது. அழுகுணி என்றால் தோற்றுவிட்டு அழுகிறவனைத்தான் எனக்கு நினைவு வரும். அளாப்பைத் தலைச்சொல்லாகவும் போங்கை இணைச்சொல்லாகவும் போடுவோம்.

‘அகுமாவும் அளாப்பிதானே’ என்று கேட்டவருக்கு: இல்லை. ரகசியக் குறியீட்டால் நாமும் அவனை எடுத்து ஆடலாம், கணினி ஆட்டுபவனைவிட வலுக் குறைந்த வடிவத்தில். அப்படியும் எடுத்தவர் பக்கம் தராசு சாய்ந்துவிடும் என்றுதான் போட்டிகளில் அவனைத் தடுத்தார்கள். அதற்கு ‘மிகைவலு’ போதும்.

வரைவில் இப்படி மாற்றலாம்:

சூரன் – ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் வரும் எதிராளி.
அளாப்பு – ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்தும் விதி எதிராளியைக் கட்டுப்படுத்தாமை. அல்லது எந்தப் பொத்தானாலும் பயனில்லாத நிலையில் ஆட்டக்காரரை வைக்கும் வசதி எதிராளிக்கு மட்டும் இருத்தல்.

இரண்டாவது பகுதி ஜின்பாச்சிக்காகச் சேர்த்தது. கூடிப்போயிற்று என்றால் வெட்டுங்கள்.

ஒன்று பாக்கி. காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிக்குள் கடைக்காரர் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு ஆளிகள் (சுவிட்சுகள்) இருக்குமே, காசு விழும் வேகமே அதில்தான் தங்கியிருந்தது. வரைவில் ‘கடினநிலை ஆளி’ என்று உள்ளது. ஆளி எங்களுக்குச் சரி, பாடப்புத்தகச் சொல். சென்னை நண்பர்கள் ஆளி என்றால் சிங்கம் என்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள், பிறகு முடிவு செய்வோம்.