பழைய சிடிஜே, கரகரக்கும் மிக்சர்: டிஜே செட் நடுவில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
கிளப்பில் இருப்பது இரண்டு சிடிஜே-2000 நெக்ஸஸ் டெக் (பாட்டு வாசிக்கிற பிளேயர்), ஒரு டிஜேஎம்-900 நெக்ஸஸ் மிக்சர். இடது டெக்கில் யூஎஸ்பி லேசா அசைஞ்சாலே கனெக்‌ஷன் போயிடுது. மிக்சரில் 2ஆம் சேனல் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடர்) கரகரங்குது. கிராஸ்ஃபேடரை (ஒரு பாட்டிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்துற குறுக்கு ஸ்லைடர்) ஓரத்துக்குத் தள்ளினாலும் மறுபக்கப் பாட்டு கசியுது. சர்வீஸுக்குக் காசு தர மாட்டேங்கிறாங்க.

பதில் 1:
அந்த போர்ட்டை மறந்துடுங்க ப்ரோ. இரண்டு டெக்கையும் ஒரு லேன் கேபிளால் இணைச்சா, வலது டெக்கில் செருகின ஒரே யூஎஸ்பியிலிருந்து இரண்டிலும் வாசிக்கலாம். பிளேயர் நம்பர் இரண்டுக்கும் வேற வேறயா இருக்கணும். பாட்டெல்லாம் ரெகார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேரில் எக்ஸ்போர்ட் செஞ்சு, யூஎஸ்பியை ஃபேட்32 ஃபார்மட்டில் வைங்க. இந்த மாடல் எக்ஸ்ஃபேட் படிக்காது. அதே பாட்டுகளோட இன்னொரு யூஎஸ்பி பாக்கெட்டில் இருக்கட்டும், ஏன்னா ஒண்ணு போனா இரண்டு டெக்கிலும் பாட்டு தொடராது.

பதில் 2:
கிராஸ்ஃபேடர் கசிவுக்கு ஒவ்வொரு சேனலின் அசைன் ஸ்விட்சையும் 'த்ரூ'வில் போடுங்க. அப்புறம் சத்தம் கிராஸ்ஃபேடர் வழியா போகாது, அது எங்க இருந்தாலும் கவலையில்லை. கரகரப்புக்கு: மிக்சரில் 4 சேனல் இருக்கே! வால்யூமைக் குறைச்சுட்டு 2இல் இருக்கிற கேபிளை 3க்கு மாத்துங்க. தயவுசெஞ்சு டபிள்யூடி-40 அடிக்காதீங்க. உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைச்சுடும், தூசியும் ஒட்டும். ஃபேடருக்குன்னே விக்கிற கிளீனர்தான் சரி, அதுவும் பவரை அணைச்ச பிறகு.

பதில் 3:
கிளப்பில் டர்ன்டேபிளும் (இசைத்தட்டு சுழலும் பிளேயர்) இருந்து, அதில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தா, ஹெட்ஷெல்லைக் (ஊசி மாட்டியிருக்கிற முனை) கழட்டி பின்பக்கத்து 4 பின்னையும் பென்சில் ரப்பரால் துடைங்க. 'ம்ம்'னு இரைஞ்சா டர்ன்டேபிளிலிருந்து மிக்சருக்குப் போற கிரவுண்ட் (எர்த்) வயர் கழண்டிருக்கலாம்.