50 சிசி வண்டில ஸ்பீடு ஏத்தப் போயி நாங்க பட்ட பாடு

எங்கிட்ட இருக்கிறது ஒரு பழைய 50 சிசி டூ-ஸ்ட்ரோக் கியர்லெஸ் வண்டி. கைக்கு வந்தப்ப ஆக்ஸிலேட்டர முழுசா முறுக்கினாலும் மீட்டர் முள்ளு 55அ தாண்டாது, எதிர்காத்து அடிச்சா அதுவும் இல்ல. ஒரு நாள் இறக்கத்துல சைக்கிள்ல வந்த பையன் என்னை ஓவர்டேக் பண்ணிட்டு திரும்பிப் பாத்து சிரிச்சான், அன்னைக்கு தான் மண்டைக்குள்ள பூச்சி புகுந்துச்சு.

முதல்ல எல்லாரும் பண்ற அதே வேலைய பண்ணேன், சைலன்சர் மாத்துனேன். தெருவே திரும்பிப் பாக்குது, பறக்குற மாதிரி ஒரு ஃபீலு, ஆனா போன்ல ஜிபிஎஸ் போட்டுப் பாத்தா 49. மாத்துறதுக்கு முன்னாடியும் 49 தான். மீட்டர்ல அப்பவும் 55 காட்டுச்சு, அத நம்பாதீங்க, நிஜத்த விட கம்மியா காட்டக் கூடாதுங்கறதுக்காக கொஞ்சம் கூட்டித் தான் வச்சிருப்பாங்க.

அப்புறம் தான் இடது பக்க சிவிடி (கியருக்குப் பதிலா புல்லியும் பெல்ட்டும் வச்சு தானா மாத்திக்கற அமைப்பு) கவர கழட்டுனேன், அத முதல்லயே செஞ்சிருக்கணும். முன்பக்க புல்லிக்குள்ள இருக்கற குட்டி எடை உருளைங்க, அதான் ரோலர், ஆறும் ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாயிடுச்சு, பெல்ட் அகலம் குறைஞ்சு ஓரமெல்லாம் பளபளன்னு இருக்கு. இங்க ஒரு சின்ன வித்தை சொல்றேன், காசே ஆகாது. முன்பக்க புல்லியோட முகத்துல நடுவுலருந்து விளிம்பு வரைக்கும் மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, கவர மூடிட்டு ஃபுல் த்ராட்டில்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து திறந்து பாருங்க, பெல்ட் ஏறுன வரைக்கும் மை அழிஞ்சிருக்கும். எனக்கு விளிம்புக்கு ஒரு விரல்கடை முன்னாடியே நின்னுடுச்சு, அதாவது கடைசி கியர் மாதிரி இருக்கற அந்த ஓரத்துக்கு பெல்ட் போகவே இல்ல. புது பெல்ட், அதே எடைல புது ரோலர் போட்டதும் ஜிபிஎஸ்ல 53. திரும்ப கோடு போட்டேன், இப்பவும் கொஞ்சம் மிச்சம் நிக்குது. என்னடான்னு பாத்தா புல்லி நடுவுல இருக்கற புஷ்ஷோட (குழாய் மாதிரி துண்டு) ஒரு தடி வாஷர், கம்பெனியே போட்டது, புல்லியோட ரெண்டு தட்டும் முழுசா நெருங்க விடாம தடுக்குறதுக்கு. பல நாட்டுல 50 சிசிய மணிக்கு 45 கிலோமீட்டர்ல கட்டி வச்சு தான் விக்கணும், அதுக்குத் தான் இந்த மாதிரி வேலையெல்லாம். அத எடுத்தேன், 62. ஆனா லைசென்ஸும் இன்சூரன்ஸும் அந்த 45அ நம்பித் தான் குடுத்திருப்பாங்க, எடுக்கறவங்க அத யோசிச்சுட்டு எடுங்க.

உங்க அனுபவத்தயும் சொல்லுங்க, அடி வாங்குன கதையா இருந்தா இன்னும் நல்லது.

*

அண்ணா மார்க்கர் மேட்டர் சூப்பர். நான் ரோலர்ல விளையாடுனவன். யாரோ லேசான ரோலர் போட்டா வண்டி பிச்சுக்கும்னு சொன்னாங்க, 6.5 கிராம் இருந்த இடத்துல 5 கிராம் போட்டேன். பிச்சுக்கிச்சு தான், சிக்னல்ல கிளம்புனா முதல் ஐம்பது மீட்டர் நான் தான் ராஜா. ஆனா 50க்கு மேல இன்ஜின் கதறுது, வண்டி நகரல, டாப் ஸ்பீடு முன்னாடி இருந்தத விட 4 குறைஞ்சு போச்சு. சுத்துற வேகத்துல ரோலர் வெளிய தள்ளப்படும், அது தட்ட நெருக்கும், பெல்ட் மேல ஏறும். எடை கம்மின்னா அந்தத் தள்ளு வர்றதுக்கு ஆர்பிஎம் ஜாஸ்தி வேணும், அதனால இன்ஜின் எப்பவும் மேல சுத்துது, பிக்கப் வருது, ஆனா பெல்ட் ஓரத்துக்கு ஏறுறதுக்குள்ள இன்ஜினுக்கு மூச்சு முடிஞ்சிடுது. கனமா 8 போட்டும் பாத்தேன், சமதரைல அமைதியா போச்சு, மேடு வந்தா மாடு மாதிரி நின்னுக்கும். கடைசில மூணு 5.5, மூணு 6, ஒன்ன விட்டு ஒன்னு மாத்தி மாத்தி அடுக்கி வச்சிருக்கேன். இன்ஜினுக்கு எந்த ஆர்பிஎம்ல பவர் அதிகமோ அங்கயே அத நிறுத்தி வைக்கறது தான் ரோலரோட வேலை, இல்லாத பவர அதால குடுக்க முடியாது.

*

சிவிடி கவர கழட்டுறவங்களுக்கு என் கதை. பெல்ட் மாட்டிட்டு வேரியேட்டர் (அந்த முன்பக்க புல்லி தான்) நட்ட டைட் வச்சேன், கடக்குன்னு இறுகுச்சு, திருப்தியா கவர மூடிட்டேன். மூணாவது நாள் டொக் டொக்னு சத்தம், அப்புறம் ஆக்ஸிலேட்டர் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நிக்குது. திறந்தா நட்டு கழண்டு வந்திருக்கு, புல்லிய சுத்த வைக்கற கிராங்க் தண்டோட நுனில இருந்த ஸ்ப்லைன் பல்லு மொத்தமும் மழுங்கிப் போச்சு. தப்பு எங்கன்னா பெல்ட்ட பின்னாடி புல்லிக்குள்ள அமுக்கி தொய்வு கொண்டு வராமலே முன்னாடி தட்ட மாட்டிட்டேன், தட்டு புஷ்ல உக்காரல, பெல்ட் மேல உக்காந்திருக்கு. நட்டு இறுகுனது ரப்பர் மேல. வண்டி ஓட ஓட பெல்ட் கீழ இறங்கி நட்டு லூஸாயிடுச்சு. பின் புல்லிய கையால விரிச்சு பெல்ட்ட நல்லா உள்ள தள்ளிட்டு, முன்னாடி பெல்ட் தொளதொளன்னு ஆடுதான்னு பாத்துட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச்ல (சரியான அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) வைங்க. எனக்கு கிராங்கே மாத்த வேண்டியதாயிடுச்சு.

*

நீங்கல்லாம் கவர் கழட்டுனீங்க, நான் சிலிண்டரயே கழட்டுனேன். 40 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரோட உள் விட்டம்) இருந்த இடத்துல 47 மில்லிமீட்டர் கிட், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) அதே 39.2 தான், கணக்கு போட்டா 68 சிசி வரும், அதத் தான் 70 கிட்னு விக்கிறாங்க. கார்ப்ல (கார்புரேட்டர்) மெயின் ஜெட்ட, அதாவது பெட்ரோல் போற துளைய, பெருசா போட்டு, பிளக்க கழட்டிக் கழட்டிப் பாத்து கலர் லேசான பிரவுன்ல வர்ற வரைக்கும் ஒவ்வொரு நம்பரா இறக்குனேன். வெள்ளையா வந்தா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், கருப்பா ஈரமா வந்தா ஜாஸ்தி. புது சிலிண்டர் பழகுற வரைக்கும் மெதுவா ஓட்டி பொறுமையா ரன்னிங்-இன்னும் பண்ணேன். வண்டி அருமை, மேட்டுல எல்லாம் சிரிச்சுக்கிட்டே ஏறுச்சு.

அதோட விட்டிருக்கலாம்ல? ரெண்டு மாசம் கழிச்சு அந்த உறிஞ்சுற சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஏர் பாக்ஸ தூக்கிட்டு ஓப்பன் ஃபில்டர் மாட்டுனேன், ஜெட்ட தொடல. காத்து கூடுச்சு, பெட்ரோல் அதே அளவு. டூ-ஸ்ட்ரோக்ல இது ரெட்டை அடி, சூடும் ஏறும், என் வண்டில ஆயிலும் பெட்ரோலோட கலந்து தான் வருது, அதனால உள்ள போற ஆயிலும் பத்தாம போகும். நீளமான நேர் ரோடு, ஃபுல் த்ராட்டில், சத்தம் திடீர்னு ரொம்ப சுத்தமா கூர்மையா மாறுச்சு, வண்டி இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூட போச்சு, நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க. அடுத்த நிமிஷம் யாரோ பின்னாடியிருந்து சட்டையப் புடிச்சு இழுத்த மாதிரி ஆச்சு. பின்வீல் ஒரு இழுப்பு இழுத்துட்டு விட்டுடுச்சு, இன்ஜின் நின்னதும் கிளட்ச் தானா பிரிஞ்சிருக்கும், இல்லேன்னா நான் ரோட்டுல உருண்டிருப்பேன். பிஸ்டன கழட்டிப் பாத்தா எக்ஸாஸ்ட் பக்கம் நகத்தால பிறாண்டுன மாதிரி மேலருந்து கீழ வரைக்கும் கோடு, ரிங் அலுமினியத்தோட ஒட்டிக்கிச்சு. காத்து வழில எத மாத்துனாலும் ஜெட்ட திரும்பப் பாருங்க, கார்ப் மேனிஃபோல்டு கேஸ்கெட்ல சின்ன லீக் இருந்தாலும் இதே கதி தான்.

*

என்னுது ஃபோர்-ஸ்ட்ரோக் 110 சிசி, எஃப்ஐ (கார்ப் இல்லாம பெட்ரோல பீச்சுற வகை). ஃபில்டர், சைலன்சர் ரெண்டும் மாத்துனேன், கூடுனது ஜிபிஎஸ்ல 1 கிலோமீட்டர், அதுவும் அன்னைக்கு காத்து எந்தப் பக்கம் அடிச்சுதோ. எனக்கு ஒரு ஃப்ரெண்டு கணக்கு சொன்னான், காத்த கிழிச்சுக்கிட்டுப் போக வேண்டிய பவர் வேகத்த மூணு தடவ பெருக்குற கணக்குல ஏறுமாம், 50லருந்து 60க்குப் போகணும்னா அந்தக் காத்துக்கு மட்டும் 1.7 மடங்கு பவர் வேணும். ஒரு ஃபில்டர் எங்கருந்து அவ்ளோ தரும்? அத விட்டுட்டு கண்ணாடிய பாத்து கொஞ்சம் குனிஞ்சு உக்காந்தேன், முழங்கைய உள்ள இழுத்தேன், 4 கூடுச்சு. செலவு முதுகு வலி மட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்வீல கையால சுத்திப் பாருங்க, பிரேக் ஷூ உரசிக்கிட்டே இருந்தா அதுவே பாதி ஸ்பீட தின்னுடும், டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் அப்படித் தான்.

*

தம்பிங்களா, எல்லாரும் போறதப் பத்தியே பேசறீங்க, நிக்கறதப் பத்தி ஒருத்தனும் பேசல. 50ல நிக்க ஆகுற தூரத்த விட 70ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். இந்த வண்டிங்க பாதிக்கு பத்து இன்ச் சக்கரம், டிரம் பிரேக்கு, இறக்கத்துல ரெண்டு தடவ அழுத்திப் புடிச்சா சூடாயி மூணாவது தடவ லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துடும். எனக்கு வந்துச்சு. ஒரு லாரியோட பின் கதவுல ஒட்டியிருந்த ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்ல எத்தன கட்டம்னு எண்ணுற தூரத்துல நின்னேன். ஷாக், டயர், ஷூ மூணயும் பாத்துட்டு ரோலர தொடுங்கய்யா.

*

மேல முதல்ல எழுதுனவன் தான். பெரியவர் சொன்னத படிச்சுட்டு நேத்து ராத்திரியே முன்வீல கழட்டுனேன். 62ல ரெண்டு மாசமா ஓட்டிக்கிட்டு இருந்த வண்டி இது, ஷூல லைனிங் போஸ்ட் கார்டு தடிமன்ல நிக்குது, ஒரு ஓரத்துல இரும்பே தெரியுது. புது ஷூ வர்ற வரைக்கும் வண்டி ஸ்டாண்டுல தான். அந்த வாஷர டப்பால பத்திரமா தான் வச்சிருக்கேன், திரும்ப மாட்டலாமான்னு அத எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.