ஞாயிறு லெபனீஸ் டின்னர்: 14 பேர், ஒரு வாட்ஸ்அப் குழு

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

செல்வி சித்தி: ஞாயித்துக்கிழமை பெரியப்பா ரிட்டயர்மென்ட் டின்னர். தெரு முனையில இருக்கிற லெபனீஸ் கடைதான்னு முடிவாயிடுச்சு. மொத்தம் 14 பேர், அதுல சைவம் 5. கூட்டம் பெருசுங்கிறதால ஆர்டரை இன்னைக்கே சொல்லணுமாம். யாருக்கு எது ஆகாதுன்னு இங்கயே போடுங்க

கமலா அத்தை: முடிவாயிடுச்சா? யாரு முடிவு பண்ணது

செல்வி சித்தி: அண்ணி, செவ்வாய்க்கிழமையே போட்டிருந்தேன். மேல தள்ளிப் பாருங்க

கமலா அத்தை: 👍

அருண்: ஷவர்மா

அருண்: எல்லாருக்கும் ஷவர்மா. மேட்டர் ஓவர்

குமார் மாமா: டேய், ஷவர்மா நின்னுட்டே சாப்பிட்டுப் போறது. 14 பேர் உக்காந்து பேசிட்டு சாப்பிடணும்னா மெஸ்ஸேதான், சின்னச் சின்னத் தட்டா வந்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிடறது. அதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல சூடில்லாத தட்டுங்க: ஹம்முஸ் (கொண்டைக்கடலை மசியல்), முதப்பல் (சுட்ட கத்திரிக்காய் மசியல்), லப்னே (வடிகட்டின கெட்டித் தயிர்), தபூலே (பார்ஸ்லி சாலட்), ஃபத்தூஷ் (வறுத்த ரொட்டி போட்ட சாலட்). அடுத்து சூடானது: கிப்பே (கறியும் உடைச்ச கோதுமையும் இடிச்சுப் பொரிச்ச உருண்டை), சம்பூசக் (சமோசா மாதிரி), ஃபத்தாயர் (உள்ள கீரை வெச்ச ரொட்டி), ஃபலாஃபல் (கடலை வடை), பத்தாத்தா ஹர்ரா (கார உருளைக்கிழங்கு). அதுக்கப்புறம்தான் கரியில சுட்ட கறி. கடைசியில பழம், இனிப்பு, காபி. எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னா எல்லாம் ஒரே மூச்சுல வந்து இறங்கும். மேசையில இடம் இருக்காது. நம்ம ஆளுங்க ஹம்முஸ் வழிச்சு முடிக்கிறதுக்குள்ள கிப்பே ஆறி ஓடு கெட்டியாயிடும், சுட்ட கறி தோலாயிடும். அதனால ஆர்டர் மொத்தமா கொடுத்தாலும், "நாங்க சொன்னதும் அடுப்புல போடுங்க"ன்னு கிரில்லுக்கு மட்டும் தனியா சொல்லி வைக்கணும்

பவி: அப்பா, சுருக்கமா

குமார் மாமா: இது சுருக்கம்தான்

திவ்யா: சின்னுவுக்கு எள்ளு ஆகாது. எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன்

ரகு சித்தப்பா: எள்ளுருண்டை வேணாம்னு சொல்லிடு, அவ்ளோதானே

திவ்யா: சித்தப்பா 😐

குமார் மாமா: ரகு, லெபனீஸ் சமையல்ல எள்ளு கண்ணுக்கே தெரியாது. தஹினின்னா அரைச்ச எள்ளு. ஹம்முஸ்ல இருக்கு, முதப்பல்ல இருக்கு, ஃபலாஃபலுக்குக் கொடுக்கிற தரத்தோர்ல இருக்கு. சாத்தர் பொடியில முழு எள்ளு, அதைத்தான் மனாகீஷ் ரொட்டி மேல தடவுறான், சில இடத்துல லப்னே மேலயும் தூவிடுவான். இனிப்புல ஹலாவா, பராஸெக். சின்னுவுக்கு ஒத்து வரக்கூடியது தபூலே, சாத்தர் போடாத லப்னே, வெள்ளை சோறு, ஷிஷ் தாவூக் (கம்பியில சுட்ட சிக்கன்). ஆனா "எள்ளு வேணாம்"னு சொன்னா சர்வர் மேல தூவாம கொண்டு வருவான், அவ்வளவுதான். "எள்ளு அலர்ஜி, தஹினியும் ஆகாது, வேற கரண்டி, வேற பாத்திரம்"னு போன்லயே சொல்லணும், போனதும் ஒரு தடவை கிச்சனுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லணும். பொரிச்சது எதுவும் அவனுக்கு வேணாம், ஃபலாஃபல் பொரிக்கிற அதே எண்ணெய்தான் பல இடத்துல. ஃபலாஃபல் மேல எள்ளு ஒட்டிப் பொரிக்கிறவன் உண்டு

திவ்யா: தேங்க்ஸ் மாமா. அலர்ஜி ஊசி பேக்ல இருக்கும்

செல்வி சித்தி: எழுதிக்கிட்டேன். அடுத்து

பெரியம்மா: எனக்குப் பூண்டு இல்லாம ஏதாவது இருக்கா

அருண்: பெரியம்மா லெபனீஸ்ல பூண்டு இல்லாமலா 😂

குமார் மாமா: இருக்கு, ஏன் இல்லாம. தபூலேல பூண்டு கிடையாது: பார்ஸ்லி, புதினா, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், கொஞ்சமே கொஞ்சம் உடைச்ச கோதுமை. பச்சையா இருக்கணும். கோதுமை தூக்கலா இருந்தா அது கடைக்காரன் பார்ஸ்லி நறுக்கச் சோம்பல்பட்டது. தட்டோட அடியில தண்ணி நின்னா பார்ஸ்லியைக் காய வைக்காம ஈரத்தோட நறுக்கியிருக்கான்னு அர்த்தம். லப்னே சாதாவா கேட்டா பூண்டு வராது. கீரை ஃபத்தாயர் வெங்காயமும் சுமாக்குங்கிற புளிப்புப் பொடியும்தான். முஜத்தரா இருந்தா ரொம்ப நல்லது, பருப்பும் அரிசியும், மேல கறுக வறுத்த வெங்காயம். அது வீட்டுச் சாப்பாடு, எல்லாக் கடையிலயும் கார்டுல இருக்காது, கேட்டுப் பார்க்கணும். ஹம்முஸ், முதப்பல், பத்தாத்தா ஹர்ரா மூணுலயும் பூண்டு உண்டு, அக்கா அதைத் தொட வேணாம். ஃபத்தூஷ் சாறுல பாதி பேர் பூண்டு தட்டிப் போடுவாங்க

பெரியம்மா: தயிர் சோறு மாதிரி ஒன்னும்

கமலா அத்தை: அண்ணி, அது லெபனீஸ் கடை

பெரியப்பா: எதுக்கு இவ்வளவு செலவு. வீட்லயே வெச்சுக்கலாமே

செல்வி சித்தி: நீங்க பேசாம வாங்க

ரகு சித்தப்பா: சைவம் 5 பேருக்கு ஹம்முஸ் வயிறு நிறையுமா? போன வருஷம் மண்டபத்துல நடந்த மாதிரி ஆகக் கூடாது

கமலா அத்தை: மண்டபத்துல என்ன நடந்துச்சு?

ரகு சித்தப்பா: ஒன்னுமில்லக்கா

குமார் மாமா: நிறையும். ஆனா சைவத்துக்கு மறைவா நாலு இடத்துல பொறி இருக்கு. 1) வெர்மிசெல்லி போட்ட சோறு, பருப்பு சூப்: பல கிச்சன்ல சிக்கன் ஸ்டாக்ல வேகும். 2) பத்தாத்தா ஹர்ரா, ஃபலாஃபல்: கறி கிப்பே பொரிச்ச எண்ணெய்யில பொரியும். 3) வரக் எனப், அதாவது திராட்சை இலைச் சுருள்: எண்ணெய்யில வெந்து ஆறி வர்றது சைவம், சூடா வர்றதுல கறி இருக்கும். 4) ஹம்முஸ்ல ஒரு வகைக்கு மேல கறித் துண்டும் பைன் நட்ஸும் போடுவான், பேரைச் சரியாப் பார்த்து ஆர்டர் பண்ணணும். கிப்பேயே கூட பூசணிக்காயில செய்வாங்க, கிறிஸ்தவங்க நோன்பு நாள் சமையல் அது. இருக்கான்னு கேளு செல்வி

திவ்யா: நான் கேட்கிறேன், சித்தி எல்லாத்தையும் கேட்டா அவங்க போனை வெச்சிடுவாங்க

அருண்: எனக்கு கிப்பே நய்யே வேணும். பச்சைக் கறி. யாராவது என்கூட ஷேர்

பவி: எனக்கு வாந்தி வருது

குமார் மாமா: பவி பக்கத்துல அந்தத் தட்டே வரக் கூடாது. ஆறு மாசம். பச்சைக் கறி வேணாம், நடுவுல சிவப்பா இருக்கிற கஃப்தாவும் (கம்பியில சுட்ட கொத்துக்கறி) வேணாம், நல்லா வெந்திருக்கணும். லப்னே, சீஸ் ரெண்டும் பாஸ்டரைஸ் பண்ண பால்லயான்னு கேட்டுட்டுத்தான் சாப்பிடணும். அருண், பச்சைக் கிப்பே அன்னைக்கு வெட்டின கறியில அன்னைக்கே இடிச்சுச் செய்யணும். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்க் கேட்டா, "இன்னைக்குச் செஞ்சது இல்லை"ன்னு சொல்ற கடைதான் நல்ல கடை

அருண்: சரி மாமா சரி

குமார் மாமா: இன்னொன்னு. மாப்பிள்ளைக்கு ஜி6பிடிங்கிற என்சைம் குறைபாடு இருக்கு. ஃபாவா பீன்ஸ் ஒரு வாய் கூட ஆகாது, ரத்தச் சிவப்பணு உடைஞ்சிடலாம். ஃபூல்னு ஒரு தட்டு இருக்கும், அது முழுக்க ஃபாவா. ஃபலாஃபலும் லெபனான் முறையில கொண்டைக்கடலையும் ஃபாவாவும் கலந்து அரைக்கிறது. வெறும் கொண்டைக்கடலையில செய்யறவங்களும் உண்டு. தெளிவா பதில் வரலைன்னா மாப்பிள்ளைக்கு ஃபலாஃபல் இல்லை

பவி: அப்பா இதை குரூப்ல போடணுமா

குமார் மாமா: மேசையில எல்லாரும் தட்டைத் தள்ளித் தள்ளிக் கொடுப்பாங்க. தெரிஞ்சிருக்கணும்

செல்வி சித்தி: இது நல்லது அண்ணா. எழுதிக்கிட்டேன். எத்தனை தட்டு சொல்லட்டும்

ரகு சித்தப்பா: செட் மெனு எடுத்துட்டா வேலை முடிஞ்சுது

கமலா அத்தை: செட் மெனுன்னா சைவம் சாப்பிடறவங்களும் கிரில்லுக்குச் சேர்த்துக் காசு கொடுக்கணும்

ரகு சித்தப்பா: யார் காசு கொடுக்கிறதுன்னு இன்னும் பேசவே இல்லையேக்கா

கமலா அத்தை: அதைத்தான் நானும் சொல்றேன்

பெரியப்பா: நான் கொடுக்கிறேன்

செல்வி சித்தி: நீங்கதான் கெஸ்ட்!!

குமார் மாமா: செட் மெனு பெரும்பாலும் மேசை முழுக்க எடுக்கணும்பாங்க, நாலு பேருக்கு மட்டும்னு தர மாட்டாங்க. நமக்குத் தனித்தனியா சொல்றதுதான் சரி. நீள மேசை, 14 பேர், ஒரு தட்டு அஞ்சாறு பேருக்குத்தான் கை எட்டும். அதனால எதைச் சொன்னாலும் ரெண்டு ரெண்டா, மேசையோட ரெண்டு பக்கமும். ஒன்பது வகை போதும், 18 தட்டு: ஹம்முஸ், முதப்பல், லப்னே, தபூலே, ஃபத்தூஷ், வரக் எனப் சைவம், கீரை ஃபத்தாயர், பத்தாத்தா ஹர்ரா, கிப்பே. கிரில் சாப்பிடறது 9 பேர், அதுல ரெண்டு வாண்டு. மிக்ஸ்டு கிரில் நாலு. வழக்கமா ஒரு தட்டுக்கு மூணு கம்பி வரும், ஒரு தாவூக், ஒரு கஃப்தா, ஒரு ஆட்டுக்கறி. பத்தலைன்னா அப்பவே ஒன்னு சேர்த்துக்கலாம், பத்து நிமிஷ வேலை. முதல்லயே ஆறு சொன்னா கண்டிப்பா மிஞ்சும், ஏன்னா அதுக்குள்ள எல்லாரும் ரொட்டியிலயே வயித்தை அடைச்சிருப்பீங்க

அருண்: ரொட்டி ஃப்ரீ தானே

குமார் மாமா: ஃப்ரீயோ இல்லையோ, மொத்தமா வாங்கி அடுக்காதீங்க. அடுப்புல இருந்து உப்பி வரும், கிழிச்சா ஆவி அடிக்கும். பத்து நிமிஷம் கூடையில கிடந்தா அட்டை. கொஞ்சம் கொஞ்சமா கேளுங்க, துணி மூடிக் கொடுப்பாங்க. ஃபத்தூஷும் அப்படித்தான், அதுல போடுற வறுத்த ரொட்டி சாறு பட்டதும் ஊறிடும். அதைக் கடைசியா கலந்து கொண்டு வரச் சொல்லுங்க, வந்ததும் சாப்பிடுங்க. போட்டோ அப்புறம்

திவ்யா: முதப்பல், பாபா கனூஜ் ரெண்டும் ஒன்னுதானே? கார்டுல ரெண்டும் இருக்கு

குமார் மாமா: லெபனான்ல முதப்பல்னா சுட்ட கத்திரிக்காயில தஹினி. பாபா கனூஜ் தஹினி இல்லாம, தக்காளி, குடைமிளகாய், மாதுளைப் பாகு. வெளிநாட்டுக் கடைங்க பாதி பேர் தஹினி போட்டதைத்தான் பாபா கனூஜ்னு விக்கிறாங்க. ரெண்டும் கார்டுல இருந்தா இவன் விஷயம் தெரிஞ்சவன்

திவ்யா: அப்போ பாபா கனூஜ் சின்னுவுக்கு ஓகே!

குமார் மாமா: கேட்காம இல்லை

அருண்: ஹம்முஸ் கின்னஸ் ரெக்கார்டு லெபனான்கிட்டதான் தெரியுமா. 10,452 கிலோ

ரகு சித்தப்பா: யார் சாப்பிட்டா அவ்வளவையும்

குமார் மாமா: 2010 மே மாசம். லெபனான் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர், அதே எண்ணிக்கைக்கு அளந்து செஞ்சாங்க. இஸ்ரேல் வெச்சிருந்த ரெக்கார்டை அடிக்கத்தான்

பெரியப்பா: 🎤 குரல் செய்தி 2:14

பவி: யாராவது கேட்டுட்டு சொல்லுங்க

திவ்யா: அப்பா பென்ஷன் பேப்பர் பத்திப் பேசறார். குரூப் மாத்திப் போட்டுட்டார்

ரகு சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா அத்தை: பாத்துட்டேன் ரகு

குமார் மாமா: ரகு, கேட்டதுக்கு பதில். அரக் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு, ஐஸ் கடைசியில. ஐஸை முதல்ல போட்டா சோம்பு எண்ணெய் மேல ஆடையா படிஞ்சிடும். ரெண்டாவது ரவுண்டுக்கு வேற கிளாஸ், அதே காரணம்தான்

பெரியம்மா: அரக்னா என்ன

அருண்: சோம்புத் தண்ணி பெரியம்மா

செல்வி சித்தி: அருண்!!!

கமலா அத்தை: எங்க வீட்டுக்காரர் ஓட்டிட்டு வரணும், அவருக்குக் கிடையாது

குமார் மாமா: நான் எப்போ கேட்டேன்

பவி: தூம் வேணும். எக்ஸ்ட்ரா

குமார் மாமா: தூம் சிக்கனுக்கு, தஹினி சாஸ் ஆட்டுக்கறிக்கும் ஃபலாஃபலுக்கும். மாத்தாதீங்க. தூம் வெறும் பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு. வெள்ளையா, கரண்டியில நிக்கணும். எண்ணெய்யை அவசரமா ஊத்தி அடிச்சா பிரிஞ்சு ஓரத்துல மஞ்சளா மிதக்கும், அப்படி வந்தா திருப்பிக் கொடுத்திடலாம். சில கடையில முட்டை வெள்ளை இல்ல மயோனைஸ் சேர்ப்பான், முட்டை சாப்பிடாதவங்களும் நீயும் கேட்டுக்கணும் பவி, பச்சை முட்டை

பவி: போச்சா அதுவும்

செல்வி சித்தி: கேக் வெளியில இருந்து கொண்டு போகலாமா

திவ்யா: கேட்கணும். விட மாட்டாங்கன்னா கனாஃபே மேல மெழுகுவத்தி வெச்சிடலாம்

குமார் மாமா: கனாஃபே சூடா இருக்கும்போதே சாப்பிடணும். உள்ள இருக்கிறது சீஸ், ஆறினா ரப்பர். மெழுகுவத்தி ஏத்தி, பாட்டுப் பாடி, போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள போயிடும். முஹல்லபியேக்கு அந்தக் கவலை இல்லை, பால் புட்டிங், குளிர்ச்சியாவே வரும். காபி சொல்லும்போதே சர்க்கரை எவ்வளவுன்னு சொல்லிடுங்க, தூளோட சேர்த்துக் கொதிக்க வைக்கிறது, அப்புறம் போட்டுக் கலக்கினா அடியில தங்கின மண்டி மேல வந்திடும். அக்காவுக்கு ராத்திரி காபி தூக்கம் வராது. வெள்ளைக் காபின்னு கேளுங்க, காபியே இல்லை, சுடுதண்ணியில ஆரஞ்சுப்பூத் தண்ணி

பெரியம்மா: அது நல்லாயிருக்கும் போல

திவ்யா: போன் பண்ணிட்டேன். பூசணி கிப்பே இல்லை. முஜத்தரா முதல் நாளே சொன்னா செய்வாங்களாம். எண்ணெய் ஒரே சட்டிதான், வேணும்னா நமக்கு முதல்ல புது எண்ணெய்யில உருளையைப் பொரிச்சுட்டு அப்புறம் கிப்பே போடறேன்றார். ஃபலாஃபல்ல ஃபாவா உண்டு. எள்ளு விஷயத்தை செஃப்கிட்ட சொல்லி நாளைக்குத் திருப்பிக் கூப்பிடறாராம். 8 மணிக்கு இடம் இல்லை. 6:45 இல்லைன்னா 9:15

செல்வி சித்தி: 6:45 போடு

கமலா அத்தை: 6:45க்கு எப்படி வர முடியும், எனக்கு எட்டு வரைக்கும் வேலை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

செல்வி சித்தி: 9:15க்கு குழந்தைங்க தூங்கிடும் அண்ணி

ரகு சித்தப்பா: 6:45க்கு மெஸ்ஸே ஆரம்பிக்கட்டும், அக்கா கிரில்லுக்கு வரட்டும்

குமார் மாமா: மேசையை எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்னு கேட்டியா திவ்யா? ரெண்டு மணி நேரம்னு வெச்சிருந்தா 8:45க்கு எழுப்பிடுவாங்க

திவ்யா: கேட்கல. இப்போ லைன் பிஸி

கமலா அத்தை: சனிக்கிழமை பார்க்கலாமே

பெரியப்பா: சனிக்கிழமை எனக்கு ஆபீஸ்ல பார்ட்டி

அருண்: அங்க என்ன சாப்பாடு பெரியப்பா