அணுகுண்டைப் போட்ட விமானிகளை நாங்கள் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கொக்குவில் பேரன்

எனது அம்மப்பா மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததையும், தோட்டங்களிலிருந்த தமிழர்களைச் சயாம்–பர்மாப் புகையிரதப் பாதை போடப் பிடித்துச் சென்றதையும், அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வராததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஹிரோசிமாவில் குண்டு விழுந்திராவிட்டால் தான் ஊர் திரும்பியிருக்க மாட்டேன் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அம்மாவோ 1990களில், இலங்கைப் போரின்போது, எங்களைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) ஓடியவர். பொம்மர் என்று நாங்கள் சொல்லும் குண்டுவீச்சு விமானம் சுற்றிய சத்தத்தைப் பற்றி அவர் இன்றும் பேச விரும்புவதில்லை.

ஹிரோசிமாவில் குண்டைப் போட்ட 'எனோலா கே' விமானத்தை ஓட்டிய போல் திபெற்ஸ், 2007இல் இறக்கும்வரை அந்தச் செயலுக்காக வருந்தவில்லை என்று அண்மையில் வாசித்தேன். வருந்தாத அந்த மனிதரைக் குற்றவாளி என்பதா, கட்டளைக்குப் பணிந்த படைவீரர் என்பதா? ஒரே வீட்டில் இரண்டு நினைவுகளோடு வளர்ந்த எனக்கு விடை தெரியவில்லை.

பதில் 1: பருத்தித்துறை வரலாற்றாசிரியை

தம்பி, வருத்தத்தை அளவுகோலாக வைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். 1945 ஓகஸ்ட் 6 காலை வானிலை பார்க்க முன்னே சென்ற விமானத்தின் தலைவர் குளோட் ஈதர்லி. அவர் குண்டைப் போடவில்லை. ஆனாலும் பின்னாளில் குற்றவுணர்வால் உடைந்து, மெய்யியலாளர் குந்தர் அன்டர்ஸுக்கு நீண்ட கடிதங்கள் எழுதியவர் அவர்தான். துணை விமானி றொபேட் லூயிஸ் தம் குறிப்பேட்டில் 'கடவுளே, நாங்கள் என்ன செய்துவிட்டோம்' என்று எழுதினார். திபெற்ஸ் அமைதியாக இருந்தார். குண்டுக்கு மிக அருகில் இருந்தவரிடம் இல்லாத துயரம், தூரத்தில் இருந்தவரைத் தின்றது என்றால், துயரத்தைக் கொண்டு யாருடைய பொறுப்பை நிறுப்பது?

நான் பார்க்கச் சொல்வது இலக்கை. விமானிகள் குறிவைத்தது ஆயுதத் தொழிற்சாலையை அன்று. நகரின் நடுவே ஆங்கில 'ரி' எழுத்தின் வடிவில் இருந்த அயோய் பாலத்தை. அதைக் குறிவைத்துப் போட்ட குண்டு நிலத்துக்கு ஏறத்தாழ 600 மீற்றர் மேலே, ஒரு வைத்தியசாலைக்கு நேர் மேலாக வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தோர் சுமார் 140,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நகரத்தைத் தெரிவு செய்தவர்கள் விமானத்தில் இருக்கவில்லை. இலக்குப் பட்டியலிலிருந்த கியோத்தோவை, அதன் பண்பாட்டுச் சிறப்பையும் எண்ணி, அமெரிக்கப் போர்ச் செயலாளர் ஸ்ரிம்சன் நீக்கியிருக்கிறார். ஒரு நகரத்தைக் காப்பாற்ற முடிந்தவர்களுக்கு, மற்ற நகரங்களிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது. எனவே என் கோபம் மேசைக்கு முன் இருந்தவர்கள் மீதுதான் முதலில் செல்கிறது.

பதில் 2: கோலாலம்பூரில் பிறந்தவன்

உங்கள் அம்மப்பாவைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள். அந்தப் புகையிரதப் பாதை 1943 ஒக்ரோபரிலேயே முடிந்துவிட்டது என்பதும், அதில் இறந்தவர்களில் மிகப் பலர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான். குண்டு அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் 1945 செப்டெம்பரில் பிரித்தானியப் படை மலாயாவில் தரையிறங்கத் திட்டமிட்டிருந்தது. ஜப்பான் சரணடைந்திராவிட்டால் அந்தச் சண்டை எங்கள் பெற்றோரின் வாசலில் நடந்திருக்கும். அவருடைய நன்றியுணர்வு உயிர் தப்பிய ஒருவரின் நன்றியுணர்வு.

பதில் 3: நவாலியிலிருந்து

ஆசிரியை அவர்கள் சொன்னதில் ஒரு பாதியை மட்டும் ஏற்கிறேன். ஓகஸ்ட் 9இல் இரண்டாவது விமானம் முதலில் தன் முதல் இலக்கான கொக்குரா நகரத்துக்கே சென்றது. மூன்று முறை வட்டமிட்டும் முகிலும் புகையும் இலக்கை மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு வெடித்தது கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த உறகாமிப் பள்ளத்தாக்கின் மேல். பேராலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்காக வந்திருந்தவர்கள் குருமாரோடு இறந்தார்கள். 1995 யூலை 9இல் எங்கள் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை இங்கு எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

அணுகுண்டு விமானிகளுக்கு ஆன்மிகப் பணி செய்த கத்தோலிக்கக் குரு ஜோர்ஜ் சபெல்கா, குடிமக்களைக் கொல்வது பாவம் என்று தாம் அவர்களுக்கு ஒருநாளும் போதிக்காததைப் பின்னாளில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். விமானிகள் அழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரைப் போல, நடந்ததைப் பெயரோடு சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஹிரோசிமாவில் குண்டை விடுவித்தவர் தோமஸ் ஃபெரெபி என்பது உலகத்துக்கே தெரியும். அவர் குறிவைத்த பாலத்தின் பெயரும் தெரியும். எங்கள் மேல் பறந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு எது இலக்காகக் காட்டப்பட்டது என்பதும் தெரியாது. முப்பது ஆண்டுகளாக நான் காத்திருப்பது அந்த இரண்டு விபரங்களுக்காகத்தான்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொக்குராவில் மூன்று முறை வட்டமிட்டுப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார். "சுற்றிவிட்டுப் போன பொம்மர் வேறு எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்பது எங்களுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பங்கருக்குள் இருந்து 'அப்பாடா' என்றுதான் சொன்னோம்" என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.