டெக்சஸில் சைல்ட் லைஃப் வேலை: ‘மாநில லைசென்ஸ் எண்’ கட்டத்தில் என்ன போடுவது?

ஹூஸ்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட் (சிகிச்சையின்போது குழந்தைகளின் பயத்தையும் பதற்றத்தையும் குறைக்க உதவுபவர்) வேலை உறுதியாகி 3 வாரம் ஆகிறது. ஆன்லைன் படிவத்தில் ‘மாநில லைசென்ஸ் எண்’ நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. டெக்சஸில் இந்தத் தொழிலுக்கு மாநில லைசென்ஸே கிடையாது. இருப்பது ஏசிஎல்பி சங்கத்தின் சிசிஎல்எஸ் சான்றிதழ்தான்: பட்டம், 600 மணி நேர இன்டர்ன்ஷிப், தேர்வு, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. தொழில் சங்கம் தருவது, அரசு உரிமம் அல்ல. எச்ஆருக்கு இந்த வித்தியாசம்தான் பிடிபடவில்லை.

சான்றிதழ் எண்ணைப் போட்டால் ‘வாரியப் பதிவில் இல்லை’ என்று சிவப்பில் வருகிறது. ‘பொருந்தாது’ என்று எழுதினால் எண் மட்டும் ஏற்குமாம். 000000 போட்டதும் உள்ளே விட்டது! ஆனால் அது பொய்த் தகவல், சரிபார்ப்பில் சிக்கினால் வேலைக்கே உலை. சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன். டிடிஎல்ஆர் (டெக்சஸ் மாநில உரிமத் துறை) தளத்தின் தொழில் பட்டியலையும் (ஸ்பீச் தெரபிஸ்ட், பிஹேவியர் அனலிஸ்ட் உண்டு, நாம் இல்லை) சங்கத்தின் சரிபார்ப்பு இணைப்பையும் எச்ஆருக்கு 2 முறை அனுப்பியாச்சு. பதில்: ‘லைசென்ஸ் நகலை இணைக்கவும்.’

என் கணிப்பு, என் பதவிக் குறியீட்டை லைசென்ஸ் கேட்கும் தெரபிஸ்ட் வகையில் போட்டிருக்கிறார்கள். ஓரியன்டேஷன் அடுத்த திங்கள்.

டெக்சஸில் சேர்ந்தவர்களே, இந்தக் குறியீட்டை உங்களுக்கு மாற்றிக் கொடுத்தது யார்: எச்ஆரா, கிரெடென்ஷியலிங் (தகுதிச் சான்று சரிபார்க்கும்) பிரிவா, சைல்ட் லைஃப் மேனேஜரா?