மறுமொழி: ‘கிடைமட்ட விளைவு’க்கு மாற்றாகத் ‘தனியாரிடை விளைவு’

குழும அன்பர்களுக்கு வணக்கம். அரசைக் கட்டுப்படுத்தவே முதன்மையாக அமைந்த அடிப்படை உரிமைகள், தனியாருக்கு இடையிலான வழக்குகளிலும் வேலை செய்வதைக் ‘கிடைமட்ட விளைவு’ என்கிறார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்ற நம் உரையாடலில் அன்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> வாடகை, வேலை, அவதூறு போன்ற அன்றாட வழக்குகளில் நீதிமன்றங்கள் மனித உரிமைச் சட்டத்தைக் கையாள்வதைக் குறிக்கக் ‘கிடைமட்ட விளைவு’ என்பதே போதும். எல்லா மொழிகளிலும் அப்படித்தான் வழங்குகிறது.

எல்லா மொழிகளிலும் அப்படி வழங்கவில்லை. இக்கருத்து முதலில் வேரூன்றிய ஜெர்மனியில் இதற்கு ‘டிரிட்விர்குங்’, அதாவது மூன்றாமவர் மீதான விளைவு, என்றுதான் பெயர். ‘கிடைமட்டம்’ என்பது அரசை மேலேயும் குடிமகனைக் கீழேயும் வைத்து வரைந்த ஒரு படத்திலிருந்து வந்தது: மேலிருந்து கீழாக ஓடும் கோடு அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவு, குறுக்கே ஓடும் கோடு குடிமகனுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவு. அந்தப் படத்தைப் பார்த்திராத தமிழ் வாசகருக்குக் ‘கிடைமட்ட விளைவு’ என்பது வடிவியல் பாடத்தை நினைவூட்டுமே தவிர, ஒரு வழக்கை நினைவூட்டாது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. மட்டம் என்றால் சமதளம். வீட்டு உரிமையாளரும் குடியிருப்பவரும், முதலாளியும் தொழிலாளியும் சமதளத்தில் நிற்கவில்லை என்பதால்தான் தனியாருக்கு இடையிலான வழக்குகளுக்குள்ளும் உரிமைகளைக் கொண்டுவர வேண்டும் என்ற வாதமே எழுந்தது.

சொல்லைத் தீர்மானிப்பதற்குமுன், நீதிமன்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஏனெனில் நாம் ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பவை உண்மையில் வெவ்வேறான மூன்று செயல்கள்.

முதல் செயலுக்கு மூல வழக்கு, 1958 ஜனவரி 15 அன்று ஜெர்மன் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்த லூத் வழக்கு. நாஜி ஆட்சிக் காலத்தில் யூத வெறுப்புப் படம் எடுத்த ஃபைட் ஹார்லான் போருக்குப் பின் புதிய படத்துடன் வந்தபோது, ஹாம்பர்க் நகர அரசின் செய்தித் துறைத் தலைவராக இருந்த எரிக் லூத், அப்படத்தைத் திரையிட வேண்டாம் என்று 1950-இல் பொதுவெளியில் கேட்டுக்கொண்டார். படத் தயாரிப்பு, வினியோக நிறுவனங்கள் உரிமையியல் வழக்குத் தொடுத்தன. நல்லொழுக்கத்துக்கு மாறான முறையில் வேண்டுமென்றே பிறருக்கு இழப்பு விளைவிப்பவர் ஈடு செய்ய வேண்டும் என்ற உரிமையியல் சட்டத் தொகுப்பின் 826-ஆம் பிரிவின் அடிப்படையில், ஹாம்பர்க் நீதிமன்றம் லூத்தைத் தடுத்து உத்தரவிட்டது. அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ‘நல்லொழுக்கம்’ போன்ற விரிந்த சொற்களுக்குப் பொருள் காணும்போது உரிமையியல் நீதிபதியும் கருத்துரிமையின் எடையைக் கணக்கில் கொண்டாக வேண்டும் என்பதே அதன் முடிவு. கவனிக்க வேண்டியது இதுதான்: லூத்தின் கருத்துரிமையைப் படநிறுவனம் மீறிவிட்டது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. வழக்கு 826-ஆம் பிரிவின் வழக்காகவே நீடித்தது. உரிமை அந்தப் பிரிவின் சொற்களுக்குள் இறங்கி வேலை செய்தது.

உரிமை இவ்வாறு தனியார் சட்டத்தின் வழியே இறங்காமல் தானே நேராகத் தனியாரைக் கட்டுப்படுத்துவது இரண்டாவது வகை. ஜெர்மன் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தின் முதல் தலைவரான நிப்பர்டை என்பவர் இந்த நேர்விளைவையே ஆதரித்தார். இந்திய அரசியலமைப்பில் இதற்கு அசைக்க முடியாத எடுத்துக்காட்டுகள் உள்ளன. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவு, தொழிற்சாலை முதலிய ஆபத்தான வேலைகளில் சிறாரை அமர்த்துவதைத் தடுக்கும் 24-ஆம் பிரிவு ஆகியவை அரசை மட்டும் நோக்கிப் பேசவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றில் சாதி, சமயம் முதலிய காரணங்களால் யாரையும் தடுக்கக்கூடாது என்னும் 15(2) பிரிவும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கருத்துரிமை முதலியவற்றைத் தரும் 19, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆகிய பிரிவுகளின் கதை வேறு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அவ்விரு பிரிவுகளின் உரிமைகளையும் அரசல்லாதவர்களுக்கு எதிராகக்கூடச் செயல்படுத்தலாம் என்றனர். நீதிபதி நாகரத்னா இக்கேள்வியில் மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு கதவைத் திறந்ததே தவிர, எந்த நீதிமன்றத்தில், எந்த வகை மனுவில், என்ன பரிகாரம் கேட்கலாம் என்பதைத் தெளிவாக வகுக்கவில்லை என்பது என் கருத்து. 2005-இல் வேறொரு அமர்வு, அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை தரும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதியை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் படித்தால், நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னும் ஒரே விடை இல்லை என்பது விளங்கும்.

மூன்றாவது செயலைத்தான் குழும நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டாகத் தந்தார். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் உள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்து, தூத்துக்குடி இணையர் ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டது. அருமையான தீர்ப்புதான். ஆனால் அது பதிவுத் துறைக்கு எதிரான வழக்கு; எதிர்த்தரப்பில் தனியார் எவரும் இல்லை. ஆகவே நாம் விவாதிக்கும் கருத்துக்கு அது எடுத்துக்காட்டு ஆகாது. உரிமைக்கு இசைவாகச் சட்டத்துக்குப் பொருள் காணும் முறைக்கு எடுத்துக்காட்டு ஆகும். அதற்கு ‘உரிமை இசைவுப் பொருள்கோடல்’ என்று தனிச்சொல் வைத்துவிடலாம். பொருள்கோடல் என்பது இலங்கைச் சட்டத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் சொல். இலக்கணம் படித்தவர்களுக்குப் பொருள்கோள் வழியாகவும் அறிமுகமானது.

இந்த முறையும் தனியாரிடை வழக்கும் ஒன்றாகச் சந்திக்கும் இடத்தை இங்கிலாந்தின் வாடகை வழக்குகளில் மிகத் தெளிவாகக் காணலாம். 1977-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, முதல் வாடகைதாரர் இறந்தால், அவருடன் ‘அவரது மனைவியாகவோ கணவனாகவோ’ வாழ்ந்தவருக்குப் பாதுகாப்பு மிகுந்த குடியிருப்புரிமை கிடைக்கும். குடும்ப உறுப்பினர் என்ற நிலையில் இருப்பவருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஒருபால் இணையர் குடும்ப உறுப்பினராகலாம், ஆனால் அந்தச் சொற்றொடருக்குள் வரமாட்டார் என்று 1999-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை கூறியது. அடுத்த ஆண்டு மனித உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இயன்றவரை சட்டங்களை ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு இசையப் படிக்க வேண்டும் என்னும் அதன் 3-ஆம் பிரிவைக் கொண்டு, அதே சொற்றொடர் ஒருபால் இணையரையும் உள்ளடக்கும் என்று 2004-இல் அதே அவை தீர்ப்பளித்தது. வீட்டு உரிமையாளர் தனியார். அவர் எந்த மனித உரிமையையும் மீறியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குடியிருந்தவருடைய உரிமையின் பயன், வீட்டு உரிமையாளரின் வாடகை வருவாயில் போய் விழுந்தது.

எல்லையும் அங்கேயே தெரிகிறது. நகராட்சி தன் வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்ற வழக்குத் தொடுத்தால், அந்த வெளியேற்றம் நோக்கத்துக்கு ஏற்ற அளவினதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று 2010-இல் சொன்ன பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தனியார் வீட்டு உரிமையாளர் தொடுக்கும் வெளியேற்ற வழக்கில் அவ்வாறு ஆராயத் தேவையில்லை என்று 2016-இல் கூறிவிட்டது. தனியார் இருதரப்பின் நலன்களையும் நாடாளுமன்றம் சட்டத்திலேயே எடைபோட்டு வைத்துவிட்டது என்பது அது தந்த காரணம். குடியிருப்பவர் இழப்பது இரண்டு வழக்கிலும் வீட்டைத்தான். இந்தக் காரணம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘மூன்றாம் தரப்பு விளைவு’ என்ற முன்மொழிவை ஏற்க இயலாது. தமிழில் மூன்றாம் தரப்பு என்றதும் வாகனக் காப்பீடு நினைவுக்கு வரும். தவிரவும் வழக்கில் இருப்பவை இரண்டே தரப்புகள். ‘தனியாரிடைச் செல்லுமை’ என்ற முன்மொழிவு எனக்குப் பிடித்திருந்தது. ‘இந்தச் சட்டம் இங்கே செல்லும்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ஆனால் பத்திரம் செல்லும், செல்லாது என்ற வழக்கு அதைவிட வலுவாக ஊன்றியிருக்கிறது. ‘உரிமையின் தனியாரிடைச் செல்லுமையால் ஒப்பந்தம் செல்லாததாகிறது’ என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

ஆகவே ‘தனியாரிடை விளைவு’ என்று முன்மொழிகிறேன். இதற்கு வந்துள்ள மறுப்பு நியாயமானது:

> தனியார் என்றால் இன்று தனியார் பள்ளி, தனியார் பேருந்து என்று நிறுவனம்தானே நினைவுக்கு வருகிறது? கணவன் மனைவி வழக்கில் தனியார் யார்?

இதற்காகக் ‘குடிமக்களிடை’ என்று மாற்றினால் நிறுவனங்களும் அயல்நாட்டாரும் விடுபடுவார்கள். இலங்கைச் சட்டத் தமிழைப் பின்பற்றி ‘ஆளிடை விளைவு’ எனலாம். அங்கே ‘ஆள்’ என்பது சட்டச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் ‘ஆள்’ வேலையாளையும் அடியாளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். தனியார் என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் அரசு சாராதவர் என்பதே. கணவன் மனைவி வழக்கில் அது சற்று உறுத்தும் என்பதை மறுக்கவில்லை. வேறு எச்சொல்லும் அதைவிடக் குறைவாக உறுத்தவில்லை.

உட்பிரிவுகளில், உரிமை தானே நேராகத் தனியாரைக் கட்டுப்படுத்துவதற்கு நேர்விளைவு என்றும், லூத் வழக்கில் போல ஒரு சட்டப் பிரிவின் வழியே இறங்குவதற்கு வழிவிளைவு என்றும் வைக்கலாம். வழிவிளைவுக்குப் பதிலாக ‘மறைமுக விளைவு’ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். லூத் தீர்ப்பில் எதுவும் மறைந்திருக்கவில்லை; நீதிபதிகள் தாம் செய்வதை வெளிப்படையாகவே எழுதினார்கள். உரிமை ஒரு சட்டப் பிரிவின் வழியாக வந்தது, அவ்வளவே. மறைமுகத்தை வரித் துறையிடமே விட்டுவிடலாம்.

இச்சொற்கள் இலங்கை நிலையை விளக்கவும் உதவும். அங்கே அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை, கடை, உணவகம், தங்குவிடுதி, தம் மத வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குச் செல்வதில் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவருக்கும் தடை கூடாது என்கிறது. வாசகத்தைப் பார்த்தால் நேர்விளைவுதான். ஆனால் 17, 126 ஆகிய உறுப்புரைகளின்படி, ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலால் நேர்ந்த மீறலுக்கே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுச் செய்ய முடியும். (அங்கே உயர் நீதிமன்றம் என்பது நம் உச்ச நீதிமன்றம்.) வாசகத்தில் தனியாரிடை விளைவு இருந்தும் பரிகாரத்தில் இல்லாத நிலை இது. இலங்கை நண்பர்கள் இவ்விளக்கத்தைச் சரிபார்த்துச் சொன்னால் நன்று.

எஞ்சியிருப்பது எதிர்ச்சொல். அரசுக்கு எதிரே உரிமை செயல்படுவதற்கு ‘அரசுமுக விளைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது அரசை நோக்கிய விளைவு என்றும் அரசின் வழியான விளைவு என்றும் இரண்டாகப் பொருள்படக்கூடும். ‘அரசெதிர் விளைவு’ என்றால் கிளர்ச்சி போல ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.