பிறந்த மறுநாளே பையன் முகத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கிறானா?

கோவைக்காரன்:
நேற்று ஒரு அம்மா, "மூணு வயசுப் பையன் எதுக்கெடுத்தாலும் அழுகிறான், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். உடனே ஆளாளுக்கு "கட்டிப்பிடியுங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதித் தள்ளிவிட்டீர்கள். ஆணும் பெண்ணும் பிறக்கும்போதே வேறு வேறு. 2000இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வைப் பாருங்கள். ரோஸி பிரசவ மருத்துவமனையில், பிறந்து சராசரியாக ஒன்றரை நாள் ஆன 102 குழந்தைகளுக்கு ஒரு முகத்தையும் ஒரு தொங்கு பொம்மையையும் காட்டினார்கள். பொம்மையை அதிக நேரம் பார்த்தவர்கள் பையன்களில் 43 சதவீதம், பெண்களில் 17 சதவீதம்தான். ஒன்றரை நாள் குழந்தைக்கு எந்தப் பாட்டி போய்ச் சொல்லிக்கொடுத்தார்? பையனைப் பெண் பிள்ளை மாதிரி வளர்த்துக் கெடுக்காதீர்கள்.

பால்வாடி டீச்சர்:
"கெடுக்காதீர்கள்" என்பதைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 19 வருஷமாகக் குழந்தைகளோடு இருக்கிறேன். நீங்கள் சொல்கிற ஆய்வை, உளவியல் படிக்கிற என் மகள் வரி வரியாக விளக்கிச் சொன்னாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குழந்தைகளுக்குக் காட்டிய முகம் யாருடையது? ஆய்வை நடத்திய மாணவியின் சொந்த முகம். தொட்டிலுக்கு மேலே அவரே குனிந்து நின்றார். பிரசவ வார்டில் எந்தக் குழந்தை ஆண், எந்தக் குழந்தை பெண் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்பதுதான் விமர்சகர்கள் சொன்ன பெரிய குறை. பெண் என்று தெரிந்தால் நம் முகம் தானாக மலராதா?

கோவைக்காரன்:
மகள் சொன்னாளாம்! வீடியோவைப் பார்த்து நேரம் கணக்கிட்டவர்களுக்குக் குழந்தையின் கண் மட்டும்தான் தெரியும். ஆணா பெண்ணா என்று தெரியாது. அதை மகள் சொல்லவில்லையா? 43, 17. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பால்வாடி டீச்சர்:
கணக்கு எடுத்தவருக்குத் தெரியாது, சரி. தொட்டிலுக்கு மேலே குனிந்தவருக்கு? முகம் யாருடையது என்றுதான் கேட்டேன். எண்ணே வேண்டுமென்றால் முழு எண்ணையும் எழுதுங்கள். பெண்கள் 58 பேர். அதில் 27 பேர் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு பார்த்தார்கள். முகத்தை அதிகம் பார்த்தவர்கள் 21 பேர். பையன்கள் 44 பேர். அதில் 11 பேர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள், 14 பேருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த 25 பையன்களை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

இரட்டையர் அம்மா:
எனக்கு ஒரே பிரசவத்தில் ஒரு பையன், ஒரு பெண். ஒரே பால், ஒரே தொட்டில். பையன் கார் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். பெண் நான் முகம் சுளித்தாலே உதட்டைப் பிதுக்குவாள். என் கண்ணால் பார்த்ததை ஆய்வு வந்து மாற்றுமா?

பால்வாடி டீச்சர்:
உங்கள் கண்ணைக் குறை சொல்லவில்லை, தங்கச்சி. ஆனால் நம் எல்லோருடைய கண்ணும் ஏமாறும். 1976இல் காண்ட்ரி தம்பதியர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, பெட்டியிலிருந்து பொம்மை திடீரென்று எம்பிக் குதித்ததும் அழுகிறது. ஒரே குழந்தை, ஒரே வீடியோ. பையன் என்று சொல்லிக் காட்டினால் பார்த்தவர்கள் அதைக் கோபம் என்றார்கள். பெண் என்று சொன்னால் பயம் என்றார்கள். அழுகை மாறவில்லை, கேட்ட காதுதான் மாறியது.

இரட்டையர் அம்மா:
பெற்றவளுக்கே பிள்ளையைப் பற்றிப் பாடமா? போன வருஷம் வசம்பு விவாதத்திலும் இதே மாதிரிதான் என்னை ஒன்றும் தெரியாதவள் ஆக்கினீர்கள். நான் அதை மறக்கவில்லை.

பால்வாடி டீச்சர்:
பச்சைக் குழந்தைக்கு வசம்பு உரைத்து ஊற்றாதீர்கள் என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

புதிதாக வந்தவன்:
ஒரு சந்தேகம். உணர்வு வளர்ச்சி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? முகத்தைப் பார்ப்பதா, அழுவதா, அழுகையை அடக்குவதா, அடுத்தவர் அழுதால் புரிந்துகொள்வதா? அதை முதலில் தெளிவுபடுத்தினால் நல்லது.

கோவைக்காரன்:
தம்பி, பேச்சைத் திருப்பாதீர்கள். 43, 17. இதுவரை பதில் வரவில்லை.

தஞ்சைத் தாத்தா:
கேம்பிரிட்ஜுக்கு ஏன் ஓடுகிறீர்கள்? நம் புலவர்கள் இதை என்றைக்கோ வகுத்துவிட்டார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழ் வேறு, பெண்பால் பிள்ளைத்தமிழ் வேறு. ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பெண் பிள்ளைகள் மணலில் கட்டிய வீட்டை ஆண் பிள்ளை காலால் சிதைப்பான், அவர்கள் சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். இயற்கையைப் பார்த்துத்தான் பாடினார்கள்.

பால்வாடி டீச்சர்:
ஐயா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். பத்துப் பருவத்தில் நீங்கள் சொன்னது கடைசி மூன்றைத்தான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய முதல் ஏழும் இருபாலுக்கும் பொது. தவழும் பிள்ளைக்கும், கை கொட்டும் பிள்ளைக்கும், நிலாவைக் கூப்பிடும் பிள்ளைக்கும் புலவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. 2013இல் சாப்ளின், ஆல்டாவ் இருவரும் 166 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உணர்வை வெளிக்காட்டுவதில் ஆண், பெண் வித்தியாசம் மிகச் சிறியது, வயது ஏற ஏறத்தான் தெளிவாகத் தெரிகிறது என்றார்கள். புலவர்கள் சொன்ன ஒழுங்கும் அதுதானே?

கோவைக்காரன்:
சரி, வயதான பிள்ளைகளையே எடுப்போம். மேக்கபி, ஜாக்லின் ஆய்வில் நாலரை வயதுக் குழந்தைகள் எதிர்ப்பாலோடு விளையாடியதைவிடத் தம் பாலோடு மூன்று மடங்கு நேரம் விளையாடினார்கள். ஆறரை வயதில் அது 11 மடங்கு. யாரும் பிரித்து உட்காரவைக்காமலே பிரிகிறார்கள். இதற்கும் முகம் யாருடையது என்று கேட்பீர்களா?

பால்வாடி டீச்சர்:
இதற்குக் கேட்கமாட்டேன், என் வகுப்பிலேயே பார்க்கிறேன். மூன்று வயதில் ஒரே தட்டில் சுண்டல் தின்றவர்கள், ஐந்து வயதில் "பொண்ணுங்க பக்கம் உக்கார மாட்டேன்" என்கிறார்கள். ஆனால் நீங்கள் ஆரம்பித்தது பிறந்து ஒன்றரை நாள் ஆன குழந்தையில். அங்கிருந்து ஆறரை வயதுக்கு ஏன் தாவினீர்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். வைன்பெர்க், ட்ரோனிக் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அம்மா சிரித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஆறு மாதக் குழந்தையின் எதிரில் சட்டென்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். அப்போது பெண் குழந்தைகளைவிட அதிகம் சிணுங்கியவர்கள், தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள அதிகம் திணறியவர்கள் பையன்கள். பையனுக்கு முகம் அப்புறம்தானா?

ஒவ்வொரு ஜூனிலும் என் வாசலில் அதைத்தான் பார்க்கிறேன். இந்த வருஷம் ஒருவன், அம்மா போனதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொண்டுவந்து விட்ட மாமா, "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று ஒரு அதட்டு. அவன் சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது காலர் முழுக்க எச்சில் ஈரம், பல் பதிந்திருந்தது. பக்கத்தில் அழுத பெண்ணை யாரும் அதட்டவில்லை, தூக்கிக்கொண்டார்கள். மூன்று வயதுப் பையனுக்கும் மடி வேண்டும். அந்த அம்மாவுக்கும் அதையேதான் சொல்வேன்: தூக்கிக்கொள்ளுங்கள்.

கோவைக்காரன்:
கதை உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பையனை வைத்து முடிவு கட்ட முடியாது. 102 குழந்தைகளை வைத்துப் பேசுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் என்னைத் தூக்கிக் கொஞ்சியதில்லை. நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

புதிதாக வந்தவன்:
அண்ணா, அது உங்கள் ஒருவர் கதைதானே?

கோவைக்காரன்:
சின்னப் பையன்கள் நடுவில் பேசவேண்டாம்.

தஞ்சைத் தாத்தா:
டீச்சர் அம்மா, பொதுப் பருவம் ஏழு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி மூன்றில்தான் இயல்பு வெளிப்படுகிறது. விதை எல்லாம் ஒன்றுபோல இருக்கும், முளைத்தால்தான் தெரியும்.

இரட்டையர் அம்மா:
தாத்தா, பெண்ணுக்கு நீராடல் அல்லவா வரும்? கழங்கு எங்கே வந்தது?

தஞ்சைத் தாத்தா:
செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூலில் கழங்குதான் அம்மா. பின்னால் பாடியவர்கள் நீராடலைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இரட்டையர் அம்மா:
நான் தமிழ் இலக்கியம் படித்தவள். எங்கள் பாடத்தில் அம்மானை, நீராடல், ஊசல்தான்.

பால்வாடி டீச்சர்:
இரண்டு வழக்கும் உண்டு, விடுங்கள். கோவைக்காரரே, முகம் யாருடையது?

கோவைக்காரன்:
43, 17.

தஞ்சைத் தாத்தா:
விட முடியாது. கழங்குதான். நாளைக்கு நூலையே எடுத்துவந்து வரியைத் தட்டச்சு செய்கிறேன்.